ஷவருக்கு வந்து சேராத உயரம்

ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூல் நூலாக இறங்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான். "ஒரு பிரஷர் மோட்டாரைப் போட்டுடு மாப்ள, அதோட தொல்லை விட்டுது" என்றார் மாமா. பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். மோட்டார் போட்டவர்கள் நிம்மதியாகக் குளிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. குடிவந்த புதிதில் இதே தொட்டியிலிருந்து, இதே பைப் வழியாக, இதே ஷவரில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. தொட்டி கீழே இறங்கிவிடவில்லை, குளியலறை மேலே ஏறிவிடவும் இல்லை. அப்படியிருக்க, அப்போது வந்த வேகம் இப்போது எங்கே போனது? இது தெரியாமல் மோட்டார் வாங்க எனக்குக் கை வரவில்லை.

அவசரமும் இருந்தது. அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலை. தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வது அவரால் ஆகாது. கையில் பிடித்துக்கொள்கிற ஷவர்தான் ஒரே வழி. அதில் வரும் தண்ணீரோ தலைமுடியில் இருக்கும் நுரையைக்கூட அலசவில்லை. முதுகில் ஒரு பக்கம் நனையும்போது மறுபக்கம் காய்ந்து குளிர ஆரம்பித்துவிடும். அவர் நடுங்கிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தபோது, இது ஏதோ சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று தள்ளிப்போட முடியவில்லை. வயதானவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் குளியல் என்பது தினமும் யாருடைய உதவியும் இல்லாமல் தானே செய்துகொள்ளக்கூடிய சில வேலைகளில் ஒன்று. அதை ஒரு மெல்லிய தண்ணீர்க் கம்பி பறித்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

தொட்டியின் பலம் அதன் உயரம்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இருக்கிற ஒரே முதலீடு உயரம். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் ஷவரின் வாய்க்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதுதான் கணக்கு. சுமார் 10 மீட்டர் இருந்தால் 1 பார் அழுத்தம். எங்கள் வீட்டில் அந்த உயரம் 3 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதாவது 0.3 பார். கடையில் பளபளவென்று தொங்கும் பெரிய மழை ஷவர்கள் பலவற்றின் பெட்டியில் குறைந்தபட்சம் 1 பார் வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதை மூன்று மீட்டர் உயரத் தண்ணீரில் மாட்டினால் நடுவில் நாலு துளையில் சொட்டும், ஓரத்தில் ஒன்றும் வராது. தொட்டித் தண்ணீருக்கென்றே செய்யப்படும் ஷவர்களும் உண்டு. 0.1, 0.2 பாருக்கே அவை வேலை செய்யும். வாங்கும்போது அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

தொட்டியைப் பெரிதாக்கினால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். 500 லிட்டரை எடுத்துவிட்டு 2000 லிட்டர் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். தண்ணீர் கூடுதல் நேரம் வந்தது, வேகம் அப்படியே இருந்தது. பாத்திரத்தின் அகலமோ அதில் இருக்கும் தண்ணீரின் அளவோ அடியில் உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பதில்லை, உயரம்தான் தீர்மானிக்கிறது என்று சைமன் ஸ்டெவின் 1586-லேயே எழுதிவிட்டார். அடுத்து வந்த டாரிசெல்லி 1644-ல் சொன்னது இன்னும் முக்கியம்: துளை வழியே பாயும் தண்ணீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நாலு மடங்காக வேண்டும். தொட்டி ஸ்டாண்டை ஒரு மீட்டர் உயர்த்தலாமா என்று நானும் யோசித்தேன். 3 மீட்டர் 4 மீட்டரானால் கிடைப்பது சுமார் 15 சதவீதம்தான். இதே கணக்கை எதிர்ப்பக்கமாகவும் போடலாம். தொட்டியில் தண்ணீர் அரை மீட்டர் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் வேகத்தில் குறைவது 10 சதவீதத்துக்கும் உள்ளேதான். ஆக, "டேங்க் பாதி காலி, அதான் வேகமில்லை" என்ற பதிலும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

அப்படியானால் உயரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஷவருக்கு வந்து சேரவில்லை. வழியில் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள்.

வழியில் கொடுக்கும் வரி

பைப் வழியே ஓடும் தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் உயரத்தைச் செலவழித்துத்தான் நகர்கிறது. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சி என்ற பொறியாளர், புதிய குழாய், படிவு பிடித்த பழைய குழாய் என்று பல வகைகளில் தண்ணீரை ஓடவிட்டு இந்த இழப்பை அளந்து 1857-ல் வெளியிட்டார். குழாயின் உட்புறம் எவ்வளவு சொரசொரப்பு என்பது கணிசமாகப் பாதிக்கிறது. அதைவிடப் பல மடங்கு பாதிப்பது உள்விட்டம். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, விட்டம் குறையக் குறைய இழப்பு கிட்டத்தட்ட ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது.

இதை நம் வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தால்தான் உறைக்கும். உள்ளே 15 மில்லிமீட்டர் இருக்கும் பைப்பில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், 10 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.9 மீட்டர் உயரம் போய்விடும். அதையே 20 மில்லிமீட்டர் ஆக்கினால் இழப்பு கால் பங்குக்கு இறங்கிவிடும். பைப் திரும்பும் இடத்தில் போடும் எல்போ ஒவ்வொன்றும் அரை மீட்டர் நேர் பைப்புக்குச் சமம். தண்ணீரை அடைக்கச் சுவருக்குள் பதித்த ஸ்டாப் காக் ஒன்று, முழுக்கத் திறந்திருந்தாலும், பல மீட்டர் பைப்புக்குச் சமம். ஏனென்றால் தண்ணீர் அதற்குள் நேராகப் போவதில்லை, மேலே ஏறி இறங்கி வளைந்து போகிறது. 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் வரும் வீட்டில் இந்த ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இழப்பை யாரும் கவனிக்கவே மாட்டார்கள், அங்கே கையில் 30 மீட்டர் இருக்கிறது. மூன்றே மீட்டர் வைத்திருப்பவனுக்கு அது பாதிச் சொத்து. அழுத்தம் குறைந்த வீட்டில் பைப் வேலை ரொம்பக் கவனமாக நடக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நடைமுறையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இப்படிப்பட்ட வீடுகள்தான்.

பழைய இரும்பு பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போடும்போது இன்னொன்று நடக்கிறது. இரண்டையும் அரை அங்குலம் என்றே கூப்பிடுகிறோம். அரை அங்குல இரும்பு பைப்பின் உள்விட்டம் 16 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வெந்நீருக்குப் போடும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில் அரை அங்குலம் என்றால், சுவர்த் தடிமன் போக, உள்ளே சுமார் 12 மில்லிமீட்டர்தான். துருப்பிடித்த பைப்போடு ஒப்பிட்டால் லாபம், புது இரும்போடு ஒப்பிட்டால் நஷ்டம். பிளாஸ்டிக்குக்கு மாறுகிறவர்கள் முக்கால் அங்குலத்துக்குப் போய்விடுவது நல்லது. சுவரை உடைத்துவிட்ட பிறகு அதில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

இந்த இடத்தில் மாமாவோடு நடந்த வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "பைப்பைச் சின்னதாப் போட்டா ஃபோர்ஸ் கூடும், ஹோஸ் வாயைக் கட்டை விரலால அடைச்சா எப்படிப் பீய்ச்சுது பாரு" என்றார். இதை அவர் மட்டும் சொல்லவில்லை. வேலை தெரிந்த பிளம்பர்கள் சிலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சொன்னதைச் செய்தும் விடுகிறார்கள். விரலால் அடைத்தால் பீய்ச்சுவது உண்மை. ஆனால் அப்போது ஹோஸுக்குள் ஓடும் தண்ணீர் குறைந்துவிடுகிறது, அதனால் வழியில் இழப்பும் குறைகிறது, மிச்சமான உயரம் முழுவதும் விரல் நுனியில் வேகமாக மாறுகிறது. அதே ஹோஸை ஒரு வாளியில் பிடித்துப் பார்த்தால், விரல் வைத்தபோது வாளி நிறைய அதிக நேரம் ஆகும். ஆகவே குறுக்குவது கடைசி வாயில் மட்டும் இருக்கலாம். ஷவரின் சின்னத் துளைகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. வழி நெடுக பைப்பையே குறுக்கினால் வேகமும் கிடைக்காது, தண்ணீரும் கிடைக்காது. மாமாவிடம் வாளி வைத்துக் காட்டிய பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "சரி, மோட்டார் விஷயத்தை யோசி" என்றார்.

மொட்டைமாடியில் ஒரு டியூப்

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஷவரில் நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து வைத்துக்கொண்டேன். 4 லிட்டர். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பில் பிடித்தபோதும் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. இந்தச் சோதனையை முதலில் செய்துவிட வேண்டும். கழற்றியதும் தண்ணீர் கொட்டினால் கோளாறு ஷவர் தலையில்: சுண்ணாம்புப் படிவு, அல்லது உள்ளே இருக்கும் வலையில் மணல். வினிகரில் ஊறவைத்து, துளைகளை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோளாறு இன்னும் பின்னால் எங்கேயோ இருந்தது.

வந்த பிளம்பர் வயதானவர், நிதானமானவர். மோட்டார் மாட்டத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்து வந்தவர், நான் கேட்டதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப டியூப் விட்டுப் பார்த்துடலாம் சார்" என்றார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிற பிளாஸ்டிக். அதன் ஒரு முனையைக் குளியலறைக் குழாயில் செருகி க்ளாம்ப் போட்டு இறுக்கினார். மறுமுனையை வென்டிலேட்டர் வழியாக வெளியே விட்டு மாடிக்குக் கொண்டுபோய், தொட்டியின் பக்கத்தில் நிமிர்த்திக் கட்டினார். குழாயைத் திறந்ததும் டியூபுக்குள் தண்ணீர் குமிழிகளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது. ஏறி, தொட்டிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ சரியாக அங்கே வந்து நின்றது. ஒரு விரல்கடைகூட வித்தியாசம் இல்லை. முழு உயரமும் குளியலறை வரைக்கும் வந்திருக்கிறது. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது எந்த அடைப்பும் தன்னைக் காட்டிக்கொள்ளாது என்பதை அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

"இப்ப ஷவரைத் திறக்கச் சொல்லுங்க" என்றார். கீழே மனைவி திறந்தாள். டியூபில் நின்ற தண்ணீர் கண்ணெதிரே சரிந்து இறங்கியது. ஒன்றரை மீட்டரையும் தாண்டி இறங்கி, தளத்துக்குப் பக்கத்தில் போய் லேசாக ஆடிக்கொண்டே நின்றது. மூடச் சொன்னார், மறுபடி ஏறியது. திறக்கச் சொன்னார், இறங்கியது. நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அந்த டியூபுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவே எங்கேயோ பாதிக்கு மேல் போகிறது. அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தாலும் இதையேதான் காட்டியிருக்கும். ஆனால் 0.3 பார் அளவுக்கு வீட்டு உபயோக மீட்டரில் முள் அசைவதே தெரியாது. இந்த டியூப் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் காட்டியது.

அப்புறம் அவர் செய்ததுதான் என்னை அசத்தியது. டியூபைக் குளியலறைக் குழாயிலிருந்து கழற்றி, மாடியில் தொட்டிக்கு அடியிலேயே இருக்கும் குழாயில் செருகினார். தொட்டிக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே இருப்பது ஓர் அடி பைப்பும் ஒரு கேட் வால்வும்தான். கீழே ஷவரைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் ஏறக்குறைய முன்பு இறங்கிய அளவுக்கே இறங்கியது. அதாவது கீழே போகும் இவ்வளவு நீளப் பைப்பும் எல்போக்களும் சேர்ந்து செய்யும் இழப்பு கொஞ்சம்தான். பெரும்பகுதி இந்த ஓர் அடிக்குள்ளேயே போய்விடுகிறது.

"வால்வு முழுக்கத் திறந்துதானே இருக்கு?" என்று கேட்டேன். சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். திறக்கும் பக்கம் அதற்கு மேல் போகவில்லை, மூடும் பக்கம் வழுவழுவென்று சுற்றியது. தொட்டியைக் காலி செய்து வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சக்கரம் சுற்றுகிறது, தண்டும் சுற்றுகிறது, உள்ளே இருக்கும் தகடு அசையவே இல்லை. தண்டின் மறை தேய்ந்து தகட்டிலிருந்து கழன்றிருந்தது. தகடு பாதிக்கு மேல் கீழே இறங்கி, சுண்ணாம்பு பிடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது திறந்த வால்வுதான். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அம்மா குளிரில் நின்றதெல்லாம் இந்தத் தகட்டுக்காகவா என்று தோன்றியது.

அந்த இடத்தில் முழுத் துளை பால் வால்வு (ball valve) ஒன்றைப் போட்டார், தகட்டுக்குப் பதில் துளையுள்ள ஓர் உருண்டை திரும்பித் திறக்கும் வகை. அதில் பைப்பின் விட்டமும் வால்வின் துளையும் ஒன்றே, திறந்தால் தண்ணீர் அதைக் கடந்து போவதே தெரியாது. கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தாலே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். மாதம் ஒரு முறை மூடித் திறந்தால் இறுகிப்போகவும் செய்யாது. மாட்டி முடித்ததும், பைப்புக்குள் காற்று அடைத்துக்கொள்ளாமல் இருக்க எல்லாக் குழாய்களையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். தொட்டியைக் காலி செய்து நிரப்பிய பிறகு ஷவரில் தண்ணீர் விக்கி விக்கி வந்தால், மேலே ஏறி இறங்கும் வளைவு எதிலோ காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். வால்வுக்கு அடுத்து ஏர் பைப் ஒன்று தொட்டிக்கு மேல் வரை நீட்டி விட்டிருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஷவரில் இப்போது 6 லிட்டரை ஒட்டி வந்தது. நல்ல முன்னேற்றம், ஆனால் அம்மா கையில் பிடிக்கிற ஷவரில் அதில் பாதிதான் உணர முடிந்தது. அதன் ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே தடிமனான எஃகுச் சுருள், உள்ளே போவது 8 மில்லிமீட்டர் ரப்பர்க் குழாய். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அப்படியொரு ஹோஸில் நிமிடத்துக்கு 6 லிட்டர் போக வேண்டுமென்றால் அதற்கு மட்டுமே சுமார் ஒரு மீட்டர் உயரம் செலவாகும். வீட்டின் மொத்தப் பைப்பும் கேட்பதை இந்த ஒரு ஹோஸ் கேட்கிறது. உள்விட்டம் பெரிய ஹோஸ் கேட்டு வாங்கி, நீளத்தையும் தேவைக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையமும் இருந்தது. தண்ணீர் அதிகமாக வரும் வீடுகளில் சிக்கனத்துக்காக வைப்பது. அமெரிக்காவில் 1992-ல் போட்ட சட்டம் ஷவர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு சுமார் 9.5 லிட்டர்தான் உச்ச வரம்பு என்று வைத்தது. அந்த மாதிரி வரம்புக்குள் நிற்கத்தான் இப்படிப்பட்ட வளையங்கள். அவை தேவை, நல்லவை. எங்கள் வீட்டில் அந்த வரம்பை எட்டிப் பார்க்கவே வழியில்லை என்பதால் அதை எடுத்துவிட்டேன். அம்மா இப்போது தானே தலைக்குக் குளிக்கிறார், கதவைத் தட்டி "ஆயிற்றா?" என்று கேட்க வேண்டியதில்லை.

மோட்டார் வேண்டிய வீடு

மோட்டாருக்கு நான் எதிரி இல்லை. தங்கை வீட்டில் தொட்டி ஸ்டாண்ட் இல்லாமல் தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டத்திலிருந்து ஷவருக்கு ஒரு மீட்டரைத் தாண்டினால் அதிகம். அங்கே டியூப் விட்டுப் பார்த்தோம். இழப்பு அதிகம் இல்லை, இழப்பதற்கே ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு மோட்டார்தான் சரி. அதிலும் பார்க்க வேண்டியவை உண்டு. தண்ணீர் ஓடுவதை உணர்ந்து ஓடத் தொடங்கும் வகை மோட்டார், ஷவரைத் திறந்ததும் கொஞ்சமாவது தானாக ஓட்டம் இருந்தால்தான் கிளம்பும். அவ்வளவுகூட வராத இடத்தில், அழுத்தம் குறைவதை உணர்ந்து கிளம்பும் வகை வேண்டும். மோட்டார் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து தள்ள வேண்டும், ஷவருக்குப் பக்கத்தில் இருந்து இழுக்கக் கூடாது. தெருவில் வரும் பொதுக் குழாயோடு நேரடியாக அதை இணைக்கவே கூடாது. உறிஞ்சும்போது நிலத்தடிக் குழாயில் எங்கேனும் விரிசல் இருந்தால் அதன் வழியே சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும், அக்கம்பக்கத்தாருக்கு வர வேண்டியதும் நின்றுபோகும்.

தங்கையின் கணவர் செலவைக் குறைக்க, பச்சைத் தண்ணீர் பைப்புக்கு மட்டும் மோட்டார் போட்டால் போதாதா என்று கேட்டார். போதாது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் ஏறினால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயில் பச்சைத் தண்ணீர் வெந்நீரை வர விடாமல் தள்ளிவிடும், சில சமயம் வெந்நீர் பைப்புக்குள்ளேயே ஏறிவிடும். இரண்டும் தொட்டியிலிருந்து ஒரே மோட்டார் வழியாகப் பிரிய வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் ஹீட்டர் எத்தனை பார் தாங்கும் என்று பார்க்க வேண்டும், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் அது எழுதியிருக்கும். அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் எந்த மோட்டார் என்று முடிவு செய்யலாம்.